மலையின் பெயர் கொண்டவர்: ஒரு பஞ்சக் கும்மியின் ஆசிரியரைத் தேடி

காவேரிப்பட்டணத்துக்குக் கிழக்கே, தென்பெண்ணையாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில், பாரதக் கூத்து ஆடும் ஒரு குடும்பத்தின் கூத்துச் சுவடிகளோடும் கையெழுத்து நோட்டுகளோடும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்த ஒரு சிறு அச்சுப் பிரதியின் ஆசிரியர் யார் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பாடும் கும்மி அது. எஞ்சியிருப்பவை 12 பக்கங்கள். முதல் இரண்டு தாள்களைக் காணோம். அவற்றோடு நூலின் முகப்பும், அதில் அச்சாகியிருக்க வேண்டிய ஆசிரியர் பெயரும் போய்விட்டன. ஒரு முழுத் தாளை எட்டாக மடித்து 16 பக்கமாக்கி விற்ற மலிவுப் பதிப்புகளின் அமைப்புதான் இதற்கும் என்பதைத் தாள் மடிப்பே காட்டுகிறது. அக்குடும்பத்தார் இன்றும் அங்கேயே வாழ்வதால் ஊரின் பெயரையும் குடும்ப விவரங்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். வாதத்துக்கு அவை தேவைப்படும் இடங்களில் அவற்றின் தன்மையை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கும்மிக்கு ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் சொல்லப்பட்டார்கள். தங்கள் கொள்ளுப்பாட்டனார், ஊரறிந்த கூத்து வாத்தியார், கட்டிய பாட்டு இது என்பது குடும்பத்தாரின் நம்பிக்கை. அச்சு நூல்களின் பழைய அட்டவணையோ சென்னையைச் சேர்ந்த வேறொருவரை ஆசிரியராகக் காட்டுகிறது. இரண்டையும் எளிதில் ஒதுக்க முடியாது. இரண்டையும் அப்படியே ஏற்கவும் முடியாது என்பது ஆய்வு முன்னேற முன்னேறத் தெளிவாயிற்று.

காலத்தை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது 1816, 1876, 1936 ஆகிய ஆண்டுகளில் தொடங்குகிறது. ஆண்டின் பெயர் ஒன்றே இருந்தால் மூன்றில் எது என்று சொல்ல இயலாது. இந்தப் பாட்டில் தானிய மூட்டைகள் ரயிலில் திருப்பத்தூருக்கு வந்து இறங்குவதும், அங்கிருந்து வண்டியில் ஏற்ற மாடு இல்லாமல் கிடப்பதும் சொல்லப்படுகின்றன. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் நோக்கிச் சென்ற இருப்புப்பாதை 1860களில் வந்தது என்பதால் 1816 விலகிவிடுகிறது. 1936ஐ விலக்கப் பாட்டின் மையப் பகுதியே போதும். கல்லுடைக்கும் நிவாரண வேலையில் ஆளுக்கு ஒரு ராத்தல் (ஏறத்தாழ அரைக் கிலோ) தானியம்தான் என்று கூலியைக் குறைத்துவிட்டதை அது நெஞ்சு பதறச் சொல்கிறது. அந்தக் குறைப்பு வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877இன் தொடக்கத்தில், ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று வகுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையரான கார்னிஷ், கடும் உழைப்புச் செய்பவருக்கு அந்த அளவு உயிர் தாங்கப் போதாது என்று எதிர்த்து எழுதியதையும், சில மாதங்களில் மாகாண அரசு அளவை ஓரளவு உயர்த்தியதையும் பஞ்ச வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே பாட்டின் இப்பகுதி 1877இன் தொடக்கத்துக்கு முன் எழுந்திருக்க முடியாது. பாட்டு மழை வேண்டி முடிகிறது. மழை பெய்ததை எங்கும் சொல்லவில்லை. 1877இன் பிற்பகுதியில் மழை வந்தது. ஈசுவர ஆண்டு 1877 சித்திரையில் பிறந்தது. நூலின் இறுதிப் பாட்டும் ஈசுவர ஆண்டையே சுட்டி, மாதத்தோடு கிழமையையும் திதியையும் தருகிறது. சாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் வெளியிட்ட காலக்கணிப்பு அட்டவணைகளைக் கொண்டு பார்த்தபோது அவை 1877க்குப் பொருந்தின. கிழமை மட்டும் பொருந்தினால் அதை நான் சான்றாகக் கொண்டிருக்க மாட்டேன், ஏனெனில் ஏழில் ஒரு வாய்ப்பில் எதுவும் பொருந்தும். கிழமையும் திதியும் ஒரே நாளில் கூடுவது அவ்வளவு எளிதில் தற்செயலாக நிகழாது. அச்சு எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்ல முடியுமா என்றும் பார்த்தேன். பழைய ணா, றா, லை வடிவங்கள் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் வரை வழக்கில் இருந்தவை, ஆகவே அவை நமக்கு எதையும் சொல்லவில்லை.

அடுத்தது இடம். ஒருவர் தம் ஊரைப் பற்றிப் பாடும்போது ஏரிக்கும் கரைக்கும் பெயர் சொல்வார், தொலைவிலுள்ள ஊரைப் பாடும்போது ஊர்ப்பெயரோடு நின்றுவிடுவார் என்ற எளிய எண்ணத்தை வைத்துக்கொண்டு, கும்மியில் வரும் இடப்பெயர்களையெல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்தேன். சேலமும் ஒசூரும் தருமபுரியும் வெறும் பெயர்களாக வருகின்றன. ஊத்தங்கரைக்கு ஓர் அடைமொழி உண்டு. போச்சம்பள்ளிக்கு அதன் சந்தையும், சந்தையில் விற்ற பண்டங்களும், விலையும் உண்டு. காவேரிப்பட்டணத்துக்கும் பாரூர்ப் பெரிய ஏரிக்கும் இடையிலோ, மதகுகளும் கால்வாய் பிரியும் இடங்களும் வறண்ட கிணறுகளும்கூட வரிசை பிறழாமல் வருகின்றன. அந்த வழியே இன்றும் நடந்தால் பாட்டின் வரிசை கால்களுக்குத் தெரியும். பாட்டைக் கட்டியவர் இந்தப் பகுதியில் வாழ்ந்தவர், அல்லது பல ஆண்டு நடமாடியவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அட்டவணை காட்டும் சென்னைக்காரரின் உரிமை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

சொற்களும் இதையே சொல்கின்றன, ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அச்சுப் பிரதியில் ஓரிடத்தில் பஞ்ச காலத்து உணவைச் சொல்லும் அடி கேழ்வரகு என்று தொடங்குகிறது. அதற்கு இணையான அடுத்த அடி சாவு என்று தொடங்குகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டிய எதுகை இங்கே இல்லை. பாட்டு முழுவதும் எதுகையை இவ்வளவு கவனமாகப் பேணும் ஒருவர் இந்த இடத்தில் மட்டும் ஏன் வழுவினார்? அந்த ஊர்ப் பெண்கள் இப்பகுதியை இன்றும் நினைவிலிருந்து பாடுகிறார்கள். அவர்கள் வாயில் அந்த அடி, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வழக்குப்படி, கேவுரு என்று தொடங்குகிறது. கேவுரு, சாவு என எதுகை உடனே அமைந்துவிடுகிறது. அச்சுக்குப் போகும் முன் யாரோ ஒருவர் பார்வையிட்டு, வட்டாரச் சொல்லை எழுத்து வழக்குச் சொல்லாக மாற்றியிருக்கிறார். அப்படி மாற்றியவருக்கு எதுகை கெடுவது தெரியவில்லை, அல்லது அவர் பொருட்படுத்தவில்லை. பாட்டின் வேறு மூன்று இடங்களிலும் இதே வகை மாற்றத்தின் தடம் இருக்கிறது. ஆக, கட்டியவர் ஒருவர், திருத்தியவர் இன்னொருவர். இருவரையும் ஒரே ஆளாகக் கருத இனி இடமில்லை.

இப்போது அட்டவணைக்கு வருவோம். 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி, அச்சிட்ட ஒவ்வொரு நூலின் பிரதியையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நூலின் பெயர், மொழி, ஆசிரியர் அல்லது பதிப்பாசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சிட்டவர், வெளியிட்டவர், பக்கம், அளவு, பதிப்பு, பிரதிகளின் எண்ணிக்கை, விலை, உரிமையாளர் ஆகிய விவரங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வெளியாயின. பிற்காலத்தில் தமிழ்நூல் விவர அட்டவணை என்ற தொகுதிகள் இந்தப் பதிவுகளைத் தமிழ் வாசகர்களுக்குத் தொகுத்துத் தந்தன. தருமபுரி மாவட்டம் 1965இலும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இலும் உருவானவை என்பதை இத்தகைய தேடலில் மறந்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, ஒசூர், திருப்பத்தூர் எல்லாமே சேலம் மாவட்டத்தின் வட்டங்கள். சேலம் ஜில்லா என்று தேடாதவருக்கு இந்தப் பகுதியின் புலவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

பஞ்சத்தைப் பாடிய கும்மிகள் பல இருந்தன. நம் பிரதியின் பக்கத் தலைப்பில் எஞ்சியிருந்த நூற்பெயரும் 16 பக்க அளவும் பஞ்சத்தை அடுத்து அச்சான நூல்களில் ஒரே ஒரு பதிவோடு பொருந்தின. அந்தப் பதிவில்தான் ஆசிரியராகச் சென்னைக்காரர் ஒருவர் பெயர் இருக்கிறது. அதே பெயரை அட்டவணை முழுவதும் தேடிப் பார்த்ததில், ஒரு வாய்ப்பாடு, இரண்டு சோதிட நூல்கள், தஞ்சைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் பதிகம், ஒரு கொலைச் சிந்து என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத நூல்களுக்கெல்லாம் அவரே ஆசிரியராகப் பதிவாகியிருப்பது தெரிந்தது. ஒருவரே இவ்வளவையும் எழுத முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்நூற்றாண்டில் அப்படி எழுதியவர்கள் உண்டு. ஆனால் இவற்றில் எல்லாவற்றுக்கும் உரிமையாளரும் அவரே, பெரும்பாலானவற்றுக்கு வெளியிட்டவரும் அவரே. பாட்டுப் பிரதிகளை வாங்கி அச்சிட்டு விற்ற ஒரு வணிகரின் தடம் இது. பதிவு விவரங்களை அச்சுக்கூடத்தார் கொடுத்தபோது, உரிமை பெற்றவர் பெயரே ஆசிரியர் கட்டத்திலும் ஏறியிருக்கிறது. அவரால்தான் இந்தக் கும்மி அழியாமல் நமக்கு வந்தது. அந்த நன்றியை மறுக்காமலே, அவர் இதை இயற்றவில்லை என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிய இரண்டு பாக வரலாற்றால் அவர் எந்த ஊரில் எந்த நூலை யார் கேட்டுப் பாடினார் என்பதுகூட நமக்குத் தெரியும். அடுத்த ஆண்டில், புன்செய் நிலமும் சிறு ஏரிகளுமாய்க் கிடந்த பாரமகாலில் (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய பெயர்), ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்த மக்களைப் பாடிய ஒருவருக்குப் பெயரே இல்லாமல் போனது. ஆதீனமும் மாணவர் கூட்டமும் இல்லாத இடத்தில் புலவரின் நினைவைக் காப்பவர்கள் பாடும் பெண்களும் கூத்தாடிகளும் மட்டுமே. 1886இல் வந்த பாவலர் சரித்திர தீபகம் முதல் மயிலை சீனி. வேங்கடசாமி 1962இல் எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம் வரை, நாம் கையில் எடுக்கும் பெரிய நூல்களில் கும்மியும் சிந்தும் பாடியவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அதனால்தான் இந்த ஒரு பாட்டைத் தவறான ஆளுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று இத்தனை கவலை.

பெயர் பாட்டுக்குள்ளேயே மறைந்திருந்தது. இறுதிப் பகுதியில் பாடியவர் தம் பெயரை நேரே சொல்லாமல், ஐந்து தீர்த்தம் விளங்கும் மலையின் பெயரைத் தாங்கியவன் என்ற பொருளில் ஓரடி வைத்திருக்கிறார். இப்பகுதியில் ஐந்து தீர்த்தத்தோடு கூடிய மலை என்றால் அரூர் வட்டத்துத் தீர்த்தமலைதான்: இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் அது; சைவ எல்லப்ப நாவலர் அதற்குத் தலபுராணம் பாடியிருக்கிறார். அங்குள்ள இறைவன் தீர்த்தகிரீசுவரர். எனவே பாடியவர் பெயர் தீர்த்தகிரி என்பது நேரிய முடிவு.

ஆனால் இந்தப் பெயர் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை, கடினமாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர்ப் பக்கம் தீர்த்தகிரி என்று சந்தையில் கூப்பிட்டால் நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். சாதி, தெரு என்ற வேறுபாடில்லாமல் வழங்கும் பெயர் அது. பெயரை ஊரோடு கட்ட வேண்டும். அந்த ஊரில் அந்தக் காலத்தில் அந்தப் பெயருடையவர் வாழ்ந்ததற்குப் பாட்டுக்கு வெளியே சான்று வேண்டும்.

ஊருக்கான சான்று பாடும் பெண்களிடமிருந்தே வந்தது. அச்சில் பொதுவாக நல்லூர் என்று நிற்கும் இடத்தில், அவர்கள் பாடும் வடிவத்தில் ஒரு குறிப்பிட்ட ஊரின் பெயர் வருகிறது. அது இந்தப் பிரதி கிடைத்த ஊரின் பெயரே. தங்கள் ஊருக்குப் பெருமை சேர்க்க யாரோ பிற்காலத்தில் அதை நுழைத்திருக்கலாம் என்ற ஐயம் இயல்பானது, எனக்கும் அது நெடுநாள் இருந்தது. கேவுரு அடியில் உதவிய அதே சோதனை இங்கும் உதவியது. அந்த ஊர்ப்பெயரை வைத்தால் அடுத்த அடியோடு எதுகையும், கும்மிக்குரிய வெண்டளையும் (சீரோடு சீர் சேரும் ஓசைக் கட்டு) ஒருசேர அமைகின்றன. நல்லூர் என்று வைத்தால் தளை நிற்கிறது, எதுகை போகிறது. சுற்றுவட்டாரத்து வேறு ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தும் இரண்டும் சேர்ந்து அமையவில்லை. சென்னையில் விற்கப்போகும் நூலில் யாருக்கும் தெரியாத ஒரு சிற்றூரின் பெயர் எதற்கு என்று திருத்தியவர் நினைத்திருக்கக் கூடும்.

வெளிச்சான்று, யாரும் கவிதைக்காகப் புரட்டாத இடத்தில் இருந்தது. கம்பெனி ஆட்சி முடிந்த 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம், ஊர்தோறும் மானிய நிலங்களை விசாரித்து, எந்த ஊழியத்துக்கு எந்த நிலம், மூல மானியதாரர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், இருவருக்கும் உறவு என்ன என்பதைப் பதிவேடுகளில் எழுதியது. சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இத்தகைய பதிவேடுகளைப் பார்க்கலாம். நம் ஊருக்குரிய பதிவில், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கும் ஊழியத்துக்காக ஒரு சிறு புன்செய் மானியம் இருக்கிறது. அதை அனுபவித்தவர் பெயர் தீர்த்தகிரி. பாரதம் படிப்பவர் என்றால் வில்லிபாரதப் பாட்டைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர். எதுகையும் தளையும் கைவந்தவர். கும்மியில் பஞ்சத்தால் ஊரை விட்டுப் போகும் மக்களைப் பாண்டவர் வனம் புகுந்ததோடு ஒப்பிடும் நீண்ட பகுதி உண்டு; அதற்கும் இந்த ஊழியத்துக்கும் உள்ள உறவைத் தற்செயல் என்று எண்ண மனம் ஒப்பவில்லை.

குடும்பத்தார் சொல்லும் கூத்து வாத்தியாரின் பெயரும் தீர்த்தகிரிதான். குழப்பத்தின் வேர் இதுவே. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருகிறது. அக்கட்டிலிருந்த கையெழுத்து நோட்டு ஒன்றின் முடிவில், எழுதியவர் தம் பெயரையும் தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும், நிலவரிக் கணக்கில் வழங்கிய பசலி ஆண்டையும் குறித்திருக்கிறார். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். இது 1920களில் விழுகிறது. எழுதியவர் தீர்த்தகிரி, அவருடைய பாட்டனும் தீர்த்தகிரி. குடும்பம் நினைவில் வைத்திருக்கும் வாத்தியார் இந்தப் பேரன். 1877இல் ஒரு ராத்தல் கூலியைக் கண்ணால் கண்டு பாடியிருக்கக் கூடியவர் அவரல்லர்.

அக்குடும்பத்தின் மூத்த அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டபோது தயக்கம் தேவையற்றது என்று தெரிந்தது. வாத்தியார் இந்தக் கும்மியைப் பாடுவார் என்று தம் மாமியார் சொல்லக் கேட்டதாகத்தான் அவர் சொன்னார்; கட்டினார் என்று சொன்னவர்கள் அடுத்த தலைமுறையினர். கேட்டதையும் ஊகித்ததையும் அந்த அம்மா ஒருபோதும் கலக்கவில்லை. வாய்மொழிச் சான்றை நம்ப முடியாது என்று ஒரேயடியாகத் தள்ளுபவர்கள், இத்தகையவர்களிடம் யார் சொல்லக் கேட்டீர்கள் என்ற ஒரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம்.

எதிர்வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. கும்மியில் பேசும் ஆள் கல்லுடைக்கப் போனதாகவும் குழந்தையைப் பறிகொடுத்ததாகவும் சொல்கிறார். மானிய நிலம் உள்ள, நடுவயது கடந்த பாரதப் பிரசங்கியார் கூலிக்குக் கல்லுடைத்திருப்பாரா? இதை வைத்து மூத்த தீர்த்தகிரியை மறுக்க நான் உடன்படவில்லை. கும்மியில் நான் என்று பேசுவது சுற்றி வந்து கைகொட்டும் எல்லாருடைய குரல். அதைப் பாடியவரின் சொந்த வரலாறாகப் படிப்பது அந்த இலக்கிய வகைக்குப் பொருந்தாது. மேலும் வானம் பொய்த்தபோது ஒரு சிறு புன்செய் மானியம் யாரையும் காப்பாற்றியிராது.

இந்நிலையில் என் முடிவுகளை உறுதியின் அளவு தெரியுமாறு இப்படிப் பதிவு செய்கிறேன். கும்மி 1877இல் இயற்றப்பட்டது. இயற்றியவர் காவேரிப்பட்டணம், பாரூர் இடைப்பட்ட பகுதியைச் சேர்ந்தவர். சென்னைப் பதிப்பாளர் ஆசிரியர் அல்லர். இவை உறுதி. பெயர் தீர்த்தகிரி என்பதும் ஊர் மேற்சொன்ன சிற்றூர் என்பதும் வலுவான முடிவுகள். அவர் இனாம் பதிவேட்டில் வரும் பாரதம் படித்த தீர்த்தகிரியே என்பது பொருத்தமான ஊகம், அதற்கு மேல் இல்லை. ஒரே பாட்டனின் பெயர் அண்ணன் தம்பி பிள்ளைகள் பலருக்கும் இடப்படும் ஊரில், பதிவேட்டில் ஏறாத இன்னொரு தீர்த்தகிரி அதே தெருவில் வாழ்ந்திருக்க முடியும். ஆகவே நூலகப் பட்டியலில் ஆசிரியர் பெயரைத் தீர்த்தகிரி என்று மட்டும் குறித்து, குடும்பத் தொடர்பைக் குறிப்புரையில் ஊகம் என்று சொல்லி எழுதுவதே முறை.

போச்சம்பள்ளி, மத்தூர்ப் பக்கத்துப் பெண்களும் இந்தக் கும்மியின் சில பகுதிகளைப் பாடுவதாக அறிகிறேன். ஊர்ப்பெயர் வரும் அந்த ஓரடி அவர்கள் வாயில் எப்படி வழங்குகிறது என்பதை அடுத்துப் பதிவு செய்ய வேண்டும். எதுகை கெடாமல் அங்கே வேறொரு ஊர்ப்பெயர் நிற்குமானால், ஊரைப் பற்றிய என் முடிவு தளரும், அதோடு இனாம் பதிவேட்டின் சான்றும் விலகும்.